கடப்பாக்கத்தில் இல்லாத சில நூறு பெண்கள்

1

பேராசிரியர் அவர்களே, என் அக்கா சொல்லாத ஒன்றை அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பொய்.

உங்கள் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். இந்தப் பத்திரிகை ஆசிரியர் "பேர் வேண்டாங்க, வம்பு" என்று அடித்துவிட்டார். பரவாயில்லை. இங்கே நம் தமிழர்கள் நடத்திய போன பொங்கல் விழாவில் மேடையேறி "களத்துக்குப் போகாமல் சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியாது" என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, இறங்கி வந்து இரண்டு தரம் பாயசம் கேட்டவர் நீங்கள். பரிமாறியவன் நான். உங்களுக்கே தெரியும் யாரைச் சொல்கிறேன் என்று.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: நான் குமரேசன், கடப்பாக்கத்துக்காரன். செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஃபிட்டராகக் கப்பலில் ஏறினேன். நெதர்லாந்தில் ஒரு துறைமுகத்தில் இறங்கினேன். இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. மீன் வைக்கும் குளிர்கிடங்கில் வேலை. வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தக் கடல், எந்தப் படகு, என்றைக்குப் பிடித்தது, எல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத பெட்டியை நாங்கள் உள்ளே எடுப்பதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

2

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளன்று வருஷாவருஷம் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. கருவாடு தனம் அக்கா அனுப்புவது. தனலட்சுமி, என் மூத்தவள். கடப்பாக்கத்துக் கடற்கரையில் மீன் வாங்கி, மணலில் காயவைத்து, கூடையில் ஏற்றி விற்பவள்.

முதல் வருஷம் இந்தக் குழம்பு வைத்தபோது மேல்வீட்டுக்காரர் எரிவாயு கசிகிறது என்று அவசர எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் ஒரு கருவியோடு வந்தார்கள். அடுப்பு, குழாய் எல்லாவற்றிலும் அந்தக் கருவியைக் காட்டினார்கள். அது வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இரண்டடி பின்னால் போய், "ஆபத்து எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

இந்த வருஷமும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் நிவேதா வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மேற்படிப்பு. உங்களிடம்தான் உதவி ஆய்வாளர். வீட்டுக்கு மாதம் ஒரு முறை வருகிறாள். தமிழ் அவளுக்குப் பேச வரும், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும்தான் வரும். நான் கேட்பேன், அவள் "ம்" என்பாள்.

அன்றைக்கு அவளாகவே பேசினாள். "அப்பா, சர்ப்ரைஸ்! எங்க ப்ராஜெக்ட் கட்டுரை போன மாசமே வந்துடுச்சு. நம்ம ஊர்தான். அங்க திட்ட ஆபீஸுக்கும் அனுப்பிட்டாங்க." லேப்டாப்பைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கிப் படித்தாள்.

"பதிலாளர் ஏழு. பெண், ஐம்பத்தெட்டு வயது, உலர்மீன் விற்பனை, கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். 'கடல் எங்கள் அன்னை. ஆனால் அன்னையின் மடியிலிருந்து இறங்கி, புதிய திறன்களின் வானில் சிறகு விரிக்க விரும்புகிறோம்.'"

என் மனைவி வசந்தி கேளம்பாக்கத்துக்காரி. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். "இது தனம் அண்ணி மாரியே கீதே. வயசு, புள்ளைங்க, எல்லாம்."

"அத்தைதான்னு நினைக்கிறேன்" என்றாள் நிவேதா பெருமையாக.

தனம் அக்கா வாயிலிருந்து 'சிறகு' வந்து நான் கேட்டதில்லை. கோழி விஷயத்தில்கூட அவளுக்கு றெக்கைதான். "மேல படி" என்றேன்.

மேலே இருந்தது இதுதான். கடப்பாக்கத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் கருவாடு காயவைக்கும் சிமென்ட் களம் தேவையில்லை என்று கருதுகிறார்கள். முந்தைய தலைமுறையிடம் இருந்த அந்தக் கோரிக்கை மறைந்துவிட்டது. இப்போது அவர்கள் விரும்புவது தையல் பயிற்சி. போதாததற்கு, கருவாட்டுத் தொழிலால் பெண்களுக்குத் தீராத இருமல் வருகிறது என்று தனியாக ஒரு பகுதி.

"எத்தன பேரக் கேட்டீங்க?"

"சில நூறு பேர்."

"நம்ம ஊர்ல கருவாடு போடுறதே நாப்பது பொம்பளைங்கதான் இருப்பாங்க."

நிவேதா கொஞ்சம் தயங்கினாள். "நிஜமா பேட்டி எடுத்தது பன்னெண்டு பேர்ப்பா. மத்தவங்க சிந்தெட்டிக் ரெஸ்பாண்டென்ட்ஸ்."

"சிந்தெட்டிக்னா? நைலக்ஸ் புடவை மாதிரியா?"

"ஏ.ஐ. உண்டாக்குற ஆளுங்க. பன்னெண்டு பேட்டியையும் அதுக்குக் கொடுத்து, 'நீ இந்த வயசுப் பெண், இந்தத் தொழில், இந்தக் குடும்பம், பதில் சொல்லு'ன்னா சொல்லும். எத்தனை பேர் வேணும்னாலும் எடுக்கலாம். அத்தை மாதிரி விவரம் இருக்கிறவங்க அதுக்குள்ளயும் வருவாங்க. இப்ப நிறைய பேர் இப்படிப் பண்றாங்கப்பா. செலவு கம்மி. யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்."

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஒருவன் ஊருக்கு வந்து ஒரு வருஷம் கிடப்பான். வெயிலில் கறுப்பான், தண்ணீர் ஒத்துக்காமல் படுப்பான், ஊரார் சண்டையில் சாட்சியாவான், கடைசியில் ஏதோ கொஞ்சம் புரிந்துகொண்டு போவான். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு ஊரே முடிந்துவிடுகிறது.

"யார் எழுதினாங்க இந்த மடி, வானம் எல்லாம்?"

"மெஷின். ஆனா எந்தப் பதில் எந்தத் தலைப்புல வரணும்னு பிரிச்சு வெச்சது நான்தான்." சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. ஏழாம் எண்ணை அவள் 'நம்பிக்கை' என்ற தலைப்பில் போட்டிருந்தாளாம்.

3

மறுநாளே அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் கடற்கரையில் மணல்மேல் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதித் திரையில் அவள் நெற்றி, மீதியில் வானம்.

"அக்கா, களம் வேணாம்னு சொன்னியா?"

"எவன் சொன்னான்?"

"நீ சொன்னதா இங்க எழுதிகீறாங்க."

"நான் எதுக்குடா வேணாங்கறேன்? மழ தூறுனா இத்த அத்தினியும் வாரிக்கினு ஓடறேன். இடுப்பு வுட்டுப்போச்சு. மண்ணு கீதுன்னு வாங்கறவன் மூஞ்ச சுளிக்கிறான். களம் கேட்டுக் கேட்டு வாயே தேஞ்சி போச்சு, வேணாங்கறேனாம்! இத்தக் கேளு. போன வாரம் ஆபீஸ்காரனுங்க வந்து, இதே எடத்துல, நாங்க காயப்போடற எடத்துல, அளந்து கல்லு நட்டுட்டுப் போய்கீறானுங்க. தையல் சென்டர் கட்டப்போறாங்களாம். இன்னாத்துக்குடான்னா, 'நீங்கதான கேட்டீங்க, வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணி எழுதிகீறாங்க'ன்றான்."

அதுவரை நான் ஒரு வாக்கியத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே கல் நட்டாகிவிட்டது.

"சர்வேக்கு யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்கோ. ரெண்டு காலேஜ் புள்ளைங்க, படூராண்டயிருந்து, பலகை மாரி ஒன்னு வெச்சிகினு. படகு வர நேரம். செல்வியாண்ட அனுப்பிட்டேன்."

"உன்னையும் பேட்டி எடுத்துகீறாங்களே."

"எனக்கும் அவதான் சொன்னா."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊரில் மட்டும் இருக்கும் ஏற்பாடு. சுனாமிக்குப் பிறகு கேள்விக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வராதவர்கள் இல்லை. எல்லாரும் சரியாகப் படகு கரையேறும் நேரத்தில் வருவார்கள். மீன் காத்திருக்காது. அதனால் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கும் செல்விதான் இனிமேல் பதில் சொல்பவள். ப்ளஸ் டூ படித்தவள். எல்லார் வீட்டு விவரமும் மனப்பாடம். யார் பேரைக் கேட்டாலும் அந்த ஆளாகவே இருந்து பதில் சொல்லிவிடுவாள். அதற்குப் பதிலாக அவள் வீட்டுக்கு ஒரு கை மீன் போய்விடும்.

"செல்விய கூப்புடு" என்றேன். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. செல்வி பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். போன் அவள் கைக்குப் போனது.

"இன்னா அண்ணாத்த, சௌக்கியமா? ஒடம்பு எளச்சிட்ட மாரி கீற?"

"பன்னெண்டு பேட்டியும் நீயே குடுத்தியா?"

"பின்ன? அந்தப் பொண்ணு பாவம், 'பன்னெண்டு பேரு வேணும்க்கா, இல்லாங்காட்டி சார் திட்டுவாரு'ன்னு அழுவாத கொற. அப்பாலிக்கா, 'ஒரே கொரலுன்னா மெஷினு கண்டுபுடிச்சிடுமே'ன்னு பேஜாரு ஆயிட்டா. நான் வுடுவேனா? ஆளுக்கொரு கொரலு. மேரியக்காவுக்கு மூக்கால பேசனேன். கற்பகத்துக்கு அவசர அவசரமா. தனம் அக்காவுக்கு இருமல் வெச்சேன்."

பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "எனக்கு எப்படி இருமல் வந்துச்சு?"

"வயசான கொரலு வேற எப்டிக்கா வரும்?"

"அடியே, எனக்கு இருமலே கெடையாதுடி!"

அந்த இருமல்தான் பேராசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையின் மூன்றாம் பகுதி. செல்வியின் ஒரு பொய் இருமல் உங்கள் மெஷினுக்குள் போய்ச் சில நூறு பேருக்குத் தொற்றிவிட்டது. அதற்கு நீங்கள் வரைபடம் வேறு போட்டிருக்கிறீர்கள்.

"சரி, களத்தப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கோ. இருந்தா இருக்கட்டும், இல்லாங்காட்டி போவுதுன்னேன். தையல் மிஷின்தான் வேணும்னு ஸ்ட்ராங்கா சொல்லிட்டேன், பன்னெண்டு தரமும்."

"ஏம்மா? நீ தைக்கிறங்கறதுக்காகவா?"

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இன்னான்னு நெனச்ச அண்ணாத்த? மொறைப்படிதான் கேட்டேன். மொத சர்வேல கக்கூசு. அப்பால ஐஸ் பொட்டி. அதுக்கு அப்பால ரெண்டு தபா களம். வர்றவன்லாம் மேல போயி ஒரே நோட்டுலதான எழுதுவான்? களம்தான் எழுதியாச்சே. கேட்டதையே கேட்டுகினு இருந்தா அல்பம்னு நெனைக்க மாட்டானா? இந்தத் தபா தையல் மொற. எல்லாருமா ஒக்காந்து பேசித்தான் வெச்சோம். ஒங்கக்காவும்தான் தலய ஆட்டுச்சு."

அக்கா மறுபடி நெத்திலியைத் திருப்பிப் போடக் குனிந்துவிட்டாள்.

உங்கள் 'தலைமுறை மாற்றம்' இதுதான் ஐயா. மாறியது தலைமுறை இல்லை, முறை. கேள்வியோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அலுவலகத்து ஆட்கள், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள், எழுதியதை இன்னொருவர் படிப்பார் என்று என் ஊர்ப் பெண்கள் நம்பினார்கள். உங்களைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக நினைத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

4

புகார் கொடுக்கலாம் என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்துக்குப் போனேன். ஆய்வு நெறிமுறைக் குழு என்று இருந்தது. படிவத்தில் முதல் கேள்வி: நீங்கள் யார்? ஆய்வில் பங்கேற்றவரா, ஆய்வாளரா, நிதி கொடுத்தவரா? பங்கேற்றதாகச் சொல்லப்படும் ஆளின் தம்பி என்று போட இடம் இல்லை. 'பங்கேற்றவர்' என்று அழுத்தினால் சம்மதப் படிவ எண் கேட்டது. சம்மதப் படிவம் பன்னிரண்டிலும் செல்விதான் கையெழுத்து. வலது கையில் ஆறு, இடது கையில் ஆறு.

மூலையில் ஒரு கட்டம் துள்ளி வந்து "நான் உதவட்டுமா?" என்றது. நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். அரை நொடியில் பதில்: "உங்கள் வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன், குமரேசன். உங்கள் அக்காவின் அனுபவம் மதிப்புமிக்கது." என் அக்காவைப் பற்றி நாலு வரிகூட அதற்குத் தெரியாது. புரிந்துவிட்டதாம். மெஷின் செய்ததற்கு மெஷினிடமே புகார் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது அது, என் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்று கேட்டது.

ஒரு நாள் விடுப்புப் போட்டு நேரிலேயே போனேன். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். இந்த நாட்டு மொழியில் கோபத்துக்கு 'போஸ்' என்று நெடிலாகச் சொல்ல வேண்டும். 'பொஸ்' என்று குறிலாக்கினால் அது காடு. எனக்குக் கோபம் வரும்போது நெடில் வராது. "நான் காடு! மிகப் பெரிய காடு!" என்று மேசையைத் தட்டினேன். அந்தப் பெண் எழுந்து போய் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கள் அக்கா ஆய்வில் கலந்துகொண்டாரா?"

"இல்லை."

"அப்படியானால் அவர் பாதிக்கப்பட்டவர் ஆக மாட்டார்."

"சரி, கலந்துகொண்டார்."

"அப்படியானால் சம்மதம் கொடுத்திருக்கிறார். அடையாளம் மறைக்கப்பட்டிருக்கிறது. அவர் யார் என்று எங்களுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

5

நிவேதா அடுத்த வாரமே வந்தாள். மாதம் ஒரு முறை வருகிறவள். "அத்தைகிட்ட நானே பேசணும்" என்றாள். கேள்வியை எழுதிவைத்துக்கொண்டு போன் போட்டாள்.

"அத்தை, வணக்கம். தங்களுக்கு உலர்தளம் தேவைப்படுகிறதா?"

"யாரும்மா நீ, நியூஸ் வாசிக்கிற பொண்ணா?"

நான் காகிதத்தைப் பிடுங்கிப் போட்டேன். நிவேதா மூச்சை இழுத்துக்கொண்டு, "நிவேதா அத்தை. களம் வேணுமா உங்களுக்கு?" என்றாள்.

"வேணும். நிவேதாவா? எவ்ளோ பெருசாயிட்ட! ஏண்டி முடிய வெட்டிகினு கீற? சாப்டியா? அங்க நெத்திலி கெடைக்குதா? உங்கப்பன் குடிக்கிறானா? நீ இன்னா படிக்கிற? அத்தப் படிச்சா இன்னா வேலை? எங்களப் பத்தி எழுதறதுக்கா ஒரு வேலை? அதுக்கு நீ இங்க வர வேணாமா? எப்ப வர?"

ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் நிவேதா தன் குறிப்பேட்டைக் காட்டினாள். அத்தை சொன்ன பதில் ஒன்று. அத்தை கேட்ட கேள்வி முப்பத்தொன்று.

"அப்பா, அந்த நூத்துக்கணக்கான பேர்ல ஒருத்தர்கூட என்னைத் திருப்பிக் கேள்வி கேக்கல. எல்லாரும் அழகா பதில் சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

அவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமான தமிழ் வாக்கியம் வந்து நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன.

மெஷினைத் திட்டி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதே மெஷினை வைத்துத்தான் நிவேதா இன்னொரு வேலை செய்தாள். ஊரில் இதுவரை களம் கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்களை அக்கா ஒரு துணிக்கடைப் பையில் வைத்திருக்கிறாள். செல்வி அவற்றைப் படம் பிடித்து அனுப்பினாள். ஈரம் பட்ட தாள், பேனா மை ஊறிய கையெழுத்து. எனக்கே படிக்க வரவில்லை. மெஷின் ஒரு மணி நேரத்தில் படித்து, தேதிவாரியாக வரிசைப்படுத்திக் கொடுத்தது. நிவேதா ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டு, தப்பாக வந்த மூன்று பெயர்களைத் திருத்தினாள். ஒன்பது மனுக்கள். எல்லாவற்றிலும் களம். எல்லாவற்றிலும் நிஜமான பெயர், நிஜமான கைநாட்டு. இருப்பதைப் படிக்கச் சொன்னால் அது படிக்கும். நீங்கள் இல்லாததைப் பேசச் சொன்னீர்கள், அது பேசியது.

இதையெல்லாம் சேர்த்து நிவேதா உங்களுக்குக் கடிதம் எழுதினாள். ஒரு நிமிஷத்தில் நாலு பத்தி பதில் வந்தது. "உங்கள் தந்தையின் நுண்ணிய உணர்வுகளை மதிக்கிறேன். இந்த உரையாடலை மேலும் வளப்படுத்த ஆவலாக இருக்கிறேன்." அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள் என் மகள். அதற்கு மட்டும் நாலு பத்தி வரவில்லை.

நான் இதை எழுதப்போகிறேன் என்றதும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "செல்வி அத்தை பண்ணதையும், நான் பண்ணதையும் எழுதணும்." எழுதிவிட்டேன். செல்வியிடம் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"தாராளமா போடு அண்ணாத்த. பன்னெண்டு பேரும் நான்தான்னு போடு. கொரலு நல்லா இருந்துச்சான்னும் கேளு."

6

தையல் சென்டர் கட்டும் அந்தத் திட்ட அலுவலகத்துக்கு அக்கா நடையாக நடந்தாள். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு வழி சொல்லியிருக்கிறார். கட்டுரை எழுதியவரே அது தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், கடைக்கால் தோண்டுவதற்கு முன் மறுபடியும் பார்ப்பார்களாம். அக்கா சொன்னால் போதாதாம். களத்தில் நிற்பவள் சொன்னால் அது பேச்சு. நீங்கள் சொன்னால் அது ஆராய்ச்சி.

என் கிடங்கில் சீட்டு இல்லாத மீன்பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொன்னேன். உங்கள் கட்டுரையில் வரும் சில நூறு பெண்களில் ஒருத்திக்காவது சீட்டு உண்டா? யார், எந்த வீடு, என்றைக்குப் பேசினாள் என்று காட்ட முடியுமா? ஒரு செத்த மீனுக்கு இந்த நாடு கேட்பதைக்கூட உயிரோடு இருக்கும் என் அக்காவுக்கு நீங்கள் கேட்கவில்லை.

செல்வி, தான் செய்ததை ஊரறியச் சொல்லிவிட்டாள். நிவேதா சொல்லிவிட்டாள். நம்பித் தலையாட்டியதை அக்காவும் ஒப்புக்கொண்டுவிட்டாள். நிவேதாவுக்கு அனுப்பிய மாதிரி எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் கையால் எழுதுங்கள். தனலட்சுமி தனக்குக் களம் வேண்டாம் என்று எந்த நாளில், யாரிடம் சொன்னாள்?

இது உங்கள் முறை. பதில் சொல்லுங்கள்.